அடையாற்று ஏணியும் ஜாலஹள்ளி நாயும்

எதிர்காலத்தைப் பற்றித் தமிழில் எழுதப்பட்ட கதைகளில் அதிகம் பேர் படித்தது எது என்று கேட்டால், பெரும்பாலோர் யோசிக்காமல் ‘என் இனிய இயந்திரா’ என்பார்கள். 1980களில் ஆனந்த விகடனில் தொடராக வந்தது. எழுதிய சுஜாதா அப்போது பெங்களூரு ஜாலஹள்ளியில், பாரத் எலெக்ட்ரானிக்ஸ் நிறுவனத்தில் பொறியாளர். கதை நடப்பது 2021ஐ ஒட்டிய காலத்தில். எழுதப்பட்ட நாளிலிருந்து எண்ணினால் முப்பத்தைந்து வருடம்தான் தள்ளி. வாரம் தவறாமல் படித்த வாசகர்களில் பலர் அந்த ஆண்டை உயிரோடு கடந்தும் விட்டார்கள்.

மேற்கில் இதே துறையின் பெரிய பெயர்கள் வேறு கணக்கில் எழுதின. லிவர்பூல் பல்கலைக்கழகத்தில் தத்துவத்தில் முனைவர் பட்டம் பெற்ற ஓலாஃப் ஸ்டேப்பிள்டன், 1930இல் வெளியிட்ட ‘லாஸ்ட் அண்ட் ஃபர்ஸ்ட் மென்’ நூலில் 200 கோடி ஆண்டு வரலாற்றைச் சொல்லி முடித்தார். அதில் நாம் முதல் மனிதர்கள். நமக்குப் பின் பதினேழு மனித இனங்கள் வருகின்றன. ஐந்தாவது இனம் வெள்ளிக் கோளுக்குக் குடிபெயர்கிறது, ஏழாவது பறக்கிறது, பதினெட்டாவது நெப்டியூனில் வாழ்ந்து, தனித்தனி மனங்களை ஒரே மனமாக இணைக்கக் கற்றுக்கொண்டு, பிறகு அழிகிறது. ஆர்தர் சி. கிளார்க் 1953இல் எழுதிய ‘சைல்ட்ஹுட்ஸ் எண்ட்’ நாவலில் பூமியின் கடைசித் தலைமுறைக் குழந்தைகள் உடலையும் தன்முனைப்பையும் உதறிவிட்டு ஒரு பேரறிவில் கலக்கிறார்கள். பெற்றோர் பார்த்துக்கொண்டிருக்க வேண்டியதுதான்.

மனித இனத்தின் ஆன்மிகப் பரிணாமம் என்ற இந்தப் பெருங்கதையைத் தமிழ் அறிவியல் புனைவு ஏன் பெரும்பாலும் தொடவில்லை? வாரப் பத்திரிகைக்கு எழுதியவர்களுக்கு அவ்வளவு தொலைவு கட்டுப்படியாகவில்லை என்பது வழக்கமான பதில். வாசகர்கள் தயாராக இல்லை என்பது இன்னொன்று. இரண்டும் எனக்கு ஒப்புதல் இல்லை. ஒரு கல்பம் 432 கோடி ஆண்டு என்று பஞ்சாங்கத்தில் படித்து வளர்ந்த வாசகரை 200 கோடி பயமுறுத்தாது. என் ஊகம் வேறு: அந்தக் கதை தென்னிந்தியாவில் முன்பே எழுதப்பட்டுவிட்டது. அதுவும் நாவலாக இல்லாமல் நம்பிக்கையாக. அதன் வாசனையைத் தெரிந்துவைத்திருந்த ஒருவர் அதை எழுத மறுத்ததுதான் ஜாலஹள்ளியில் நடந்தது.

அடையாற்றிலிருந்து ஆரம்பிக்கவேண்டும். பிரம்மஞான சபை 1882இல் அங்கே தலைமையகம் அமைத்தது. சபையின் நிறுவனர்களில் ஒருவரான பிளவாட்ஸ்கி அம்மையார் 1888இல் வெளியிட்ட ‘தி சீக்ரெட் டாக்ட்ரின்’ நூல் மனித குலம் ஏழு மூல இனங்களாக, ஒன்றன் மேல் ஒன்றாக ஏறிச் செல்கிறது என்றது. நான்காவது அட்லாண்டிஸ்காரர்கள், ஐந்தாவது ஆரியர்கள், ஆறாவதும் ஏழாவதும் இனி வரவேண்டியவர்கள். டார்வினின் ‘உயிரினங்களின் தோற்றம்’ வெளிவந்து முப்பது ஆண்டுகூட ஆகவில்லை. பரிணாமம் என்ற புதிய சொல்லை ஆன்மாவுக்கும் நீட்டிவிட்டால் மதமும் அறிவியலும் ஒரே வீட்டில் குடியிருக்கலாம் என்ற ஆசை அன்று உலகெங்கும் இருந்தது.

1910 கோடையில் அதே சபையைச் சேர்ந்த அன்னி பெசண்டும் சி.டபிள்யூ. லெட்பீட்டரும் அடையாற்றில் உட்கார்ந்து, ஞானதிருஷ்டியால் மனிதனின் கடந்த காலத்தையும் வருங்காலத்தையும் ‘ஆராய்ந்தார்கள்’. விளைவு 1913இல் அடையாற்றிலேயே அச்சான ‘மேன்: வென்ஸ், ஹௌ அண்ட் விதர்’ என்ற தடித்த புத்தகம். அதன் இறுதிப் பகுதி சுமார் எழுநூறு ஆண்டுகளுக்குப் பின் கலிபோர்னியாவில், மனு என்ற தலைவரின் கீழ், ஆறாம் மூல இனத்தைத் தொடங்கிவைக்கும் குடியேற்றத்தை விவரிக்கிறது. கட்டடம், கல்வி, வழிபாடு, ஆட்சி என்று ஒவ்வொன்றும் நேரில் போய்ப் பார்த்துவந்தவரின் நிதானத்தோடு சொல்லப்படுகிறது. ஆசிரியர்கள் அதைப் புனைவு என்று ஒப்புக்கொள்ளவில்லை என்ற ஒன்றை விட்டுவிட்டால், வருங்காலத்தைப் பற்றிய முழுமையான அறிவியல் புனைவு அது. சென்னையில் எழுதப்பட்டது. நம் இலக்கிய வரலாறுகளில் அதற்கு இடமில்லாதது விசித்திரம்தான். நம்பியவர்கள் அதைக் கதை என்று சொல்லத் துணியவில்லை; நம்பாதவர்கள் படிக்கவில்லை.

இந்தக் கதையில் ஒரு சிக்கல் இருக்கிறது. மனித இனம் படிப்படியாக மேலே போகிறது என்று சொன்ன உடனே, இப்போது யார் எந்தப் படியில் நிற்கிறார்கள் என்ற கேள்வி வந்துவிடுகிறது. அடையாற்று ஏணி அதற்கு ஒளிவுமறைவில்லாமல் பதில் வைத்திருந்தது. ஐந்தாவது படி ஆரியருடையது. பழைய இனங்களின் மிச்சங்களாக மற்ற மக்கள் அடுக்கப்பட்டார்கள். 1916இல் தென்னிந்திய நல உரிமைச் சங்கம் பிறந்து, பெசண்டின் தன்னாட்சி இயக்கத்தை எதிர்த்துக் கடுமையாக எழுதியதற்கு அரசியல் காரணங்கள் பல. ஆனால் தன்னைக் கீழ்ப்படியில் வைக்கும் ஒரு பிரபஞ்ச வரலாற்றை ஏற்க மறுப்பவனுக்கு வேறு காரணமே தேவையில்லை. நியாயத்துக்காக இதையும் சொல்லவேண்டும்: அதே சபையின் மற்றொரு நிறுவனரான கர்னல் ஆல்காட் 1894இல் அடையாற்றில் பஞ்சமர் பிள்ளைகளுக்கென்று பள்ளி திறந்தார். ஒரே வளாகத்தில் ஏணியும் இருந்தது, ஏணியைப் பொருட்படுத்தாத ஒரு பள்ளிக்கூடமும் இருந்தது.

ஏணிக்கு முதல் பெரிய அடி உள்ளிருந்தே விழுந்தது. 1909இல் அடையாற்றுக் கடற்கரையில் லெட்பீட்டர் கண்டெடுத்த சிறுவன் ஜே. கிருஷ்ணமூர்த்தியை வருங்கால உலக ஆசானாக வளர்த்தார்கள். 1929 ஆகஸ்ட் 3 அன்று, ஹாலந்தின் ஓமனில், தனக்காக உருவாக்கப்பட்ட நட்சத்திர அமைப்பை அவரே கலைத்தார். பிறகு அரை நூற்றாண்டுக்கும் மேலாக அவர் சொல்லிவந்ததன் சாரம், மனத்தளவில் பரிணாமம் என்று ஒன்று கிடையாது என்பது. நாளை நல்லவனாவேன் என்பதே இன்று மாறாமலிருக்கக் கண்டுபிடித்த தந்திரம் என்று அவர் கருதினார். இயற்பியலாளர் டேவிட் போமுடன் 1980இல் நடத்திய உரையாடல்கள் ‘தி எண்டிங் ஆஃப் டைம்’ என்று நூலாயின. ஆன்மிகத் தொலைதூர எதிர்காலத்தின் கதாநாயகனாகத் தேர்ந்தெடுக்கப்பட்டவர் அந்தக் கதைக்கு வேண்டிய காலத்தையே மறுத்துவிட்டார். எந்த நாவலாசிரியனும் இப்படி ஒரு திருப்பத்தை யோசித்திருக்க மாட்டான்.

புதுச்சேரியில் நடந்தது இதைவிட ஆழமானது. அடையாற்றோடு சேர்த்துக் கட்டிவிடக் கூடாது. 1910 ஏப்ரல் 4 அன்று அங்கே வந்திறங்கிய அரவிந்தர், 1914 ஆகஸ்ட் 15 முதல் ‘ஆர்யா’ இதழில் ‘தி லைஃப் டிவைன்’ நூலைத் தொடராக எழுதினார். சடப்பொருளில் உயிர் எழுந்தது, உயிரில் மனம் எழுந்தது, மனத்தில் அதிமானசம் எழவேண்டும். மனிதன் முடிவான உருவம் இல்லை, கடந்துபோகும் கட்டம் என்பது அவர் வாதம். இதில் புதுமை எங்கே என்பதைத் தமிழர்களால் எளிதில் காணமுடியும். புல்லாய்ப் பூடாய்ப் புழுவாய்ப் பல பிறவி எடுத்து இளைத்த உயிர் பற்றி மாணிக்கவாசகரே பேசியிருக்கிறார். ஆனால் அங்கே ஏறுவது தனி உயிர். ஏறி முடித்ததும் அது இந்த உலகை விட்டு வெளியேறிவிடும். உலகம் பழையபடி கலியுகத்தில் கிடக்கும். அரவிந்தர் வெளியேறும் கதவை அடைத்தார். விடுதலை இந்தப் பூமியிலேயே, இந்த உடம்பிலேயே, ஓர் இனத்துக்கே நிகழவேண்டும் என்றார். யுகந்தோறும் சரிந்துகொண்டே போகும் காலத்தை மேல்நோக்கித் திருப்பிய துணிவு அது. ஏறக்குறைய அதே காலத்தில் பிரான்ஸின் ஏசு சபைத் துறவி தெயார் த ஷார்தன் வேறு வழியில் இதே இடத்துக்கு வந்துசேர்ந்தார்.

அரவிந்தரின் கனவு இலக்கியமாகாமல் ஊராகியது. ஆரோவில் 1968 பிப்ரவரி 28 அன்று, 124 நாடுகளின் மண்ணை ஒரு கலசத்தில் போட்டுத் தொடங்கப்பட்டது. ஐந்து வாரம் கழித்து, ஏப்ரல் முதல் வாரத்தில், கிளார்க்கும் ஸ்டான்லி குப்ரிக்கும் உருவாக்கிய ‘2001’ திரைப்படம் வாஷிங்டனில் வெளியாயிற்று. மனிதன் ஒருவன் மனிதத்தைத் தாண்டி நட்சத்திரக் குழந்தையாகும் முடிவைப் பார்த்துவிட்டுத் திரையரங்கை விட்டு வந்தவர்கள், அதே வசந்தத்தில் விழுப்புரம் செம்மண்ணில் அதையே நிஜமாகச் செய்யச் சிலர் மரக்கன்று நட்டுக்கொண்டிருந்ததை அறிந்திருக்க வாய்ப்பில்லை.

கிளார்க் நம் பக்கத்து வீட்டுக்காரர். 1956இல் இலங்கையில் குடியேறியவர், 2008 மார்ச் 19இல் கொழும்பில் இறக்கும்வரை அங்கேதான் இருந்தார். அவரிடம் ஓர் இரட்டை மனம் உண்டு. ‘சைல்ட்ஹுட்ஸ் எண்ட்’ நூலின் முன்பக்கத்தில், இதில் உள்ள கருத்துகள் ஆசிரியருடையவை அல்ல என்று அவரே அச்சடித்துவைத்தார். மனித இனம் பேரறிவில் கலப்பதை எழுதிவிட்டு, பொறுப்பேற்க மறுத்தார். 1979இல் வெளிவந்த ‘தி ஃபவுண்டன்ஸ் ஆஃப் பாரடைஸ்’ நாவலில் இலங்கையை ஒத்த ஒரு தீவின் மலையுச்சியிலிருந்து விண்வெளிக்கு மின்தூக்கி கட்டுகிறார்கள். உச்சியில் இருக்கும் பௌத்த மடம் தடையாக நிற்கிறது. பொன்னிற வண்ணத்துப்பூச்சிகள் உச்சியை அடைந்ததும், பழைய ஐதீகப்படி பிக்குகள் மலையை விட்டு இறங்கிவிடுகிறார்கள். மேலே போகும் வழிக்கு மடம் இடம்கொடுத்துவிடுகிறது. அந்தத் தீர்வு எனக்கு எப்போதுமே கொஞ்சம் வசதியாகத் தோன்றியிருக்கிறது. இலங்கையில் யாரும் யாருக்கும் அவ்வளவு சுலபமாக மலையை விட்டுக்கொடுத்ததில்லை என்பது 1979இல் அங்கே வாழ்ந்த ஒருவருக்குத் தெரிந்திருக்கும். மத அடையாளங்களிலிருந்து ஆயுள் முழுக்கத் தள்ளியே நின்ற அவர், தன் இறுதிச் சடங்கில் எந்த மதச் சடங்கும் கூடாது என்று எழுதிவைத்துவிட்டுப் போனார்.

பெங்களூரு இந்த மூன்று ஊர்களிலிருந்தும் வேறுபட்டது. அதற்கென்று ஒரு தோற்றக் கதை இருக்கிறது. 1893இல் ஜம்ஷெட்ஜி டாடாவும் விவேகானந்தரும் ஜப்பானிலிருந்து வான்கூவருக்கு ஒரே கப்பலில் பயணம் செய்தார்கள். 1898 நவம்பர் 23 அன்று டாடா அவருக்கு எழுதிய கடிதத்தில், இந்தியாவின் துறவு மனப்பான்மையை வீணாக்காமல், அப்படிப்பட்டவர்கள் எளிய வாழ்க்கை வாழ்ந்தபடி அறிவியலை வளர்க்கும் மடங்களை அமைக்கலாம் என்று யோசனை சொன்னார். இயக்கத்துக்கு விவேகானந்தர் தலைமை ஏற்கவேண்டும் என்றும் கேட்டார். அவர் ஏற்கவில்லை, 1902இல் மறைந்தார். டாடா 1904இல் மறைந்தார். மைசூர் அரசு நிலம் கொடுக்க, 1909இல் இந்திய அறிவியல் கழகம் எழுந்தது. மடம் எழவில்லை. சம்பளமும் விடுதியும் ஆய்வகமும் உள்ள கழகம்தான் வந்தது. அதன் நிழலில் எச்.ஏ.எல்., பாரத் எலெக்ட்ரானிக்ஸ், இஸ்ரோ எல்லாம் பின்னால் வந்தன. நாட்டின் முதல் செயற்கைக்கோள் ஆரியபட்டா 1975 ஏப்ரல் 19இல் ஏவப்படுவதற்கு முன், ஜாலஹள்ளியை அடுத்த பீன்யா தொழிற்பேட்டையின் கூரைக் கொட்டகைகளில்தான் உருவானது. ஆன்மாவின் எதிர்காலத்தைப் பற்றிக் கடிதத்தில் தொடங்கிய ஊர், ஷிப்ட் நேரமும் கேன்டீன் டோக்கனும் உள்ள எதிர்காலத்தில் வந்து நின்றது. இதில் எனக்குக் குறை ஒன்றும் இல்லை.

சுஜாதா இந்த ஊரின் ஆள். பிறப்பு திருவல்லிக்கேணி, வளர்ப்பு ஸ்ரீரங்கம், படிப்பு திருச்சி ஜோசப் கல்லூரியும் குரோம்பேட்டை எம்.ஐ.டி.யும் என்றாலும் எழுத்தின் நடுப்பகுதி முழுக்கப் பெங்களூரு வாசம்தான். அவர் அலுவலகத்தில் ஈடுபட்ட வேலைகளில் முக்கியமானது மின்னணு வாக்குப்பதிவு இயந்திரம். 1982இல் கேரளத்தின் பறவூர்த் தொகுதியில் 50 வாக்குச்சாவடிகளில் முதன்முதலாக மின்னணு இயந்திரம் சோதிக்கப்பட்டது. சட்டத்தில் இடமில்லை என்று 1984இல் உச்ச நீதிமன்றம் அந்தத் தேர்தல் முடிவை ஏற்கவில்லை. 1988இல் சட்டம் திருத்தப்பட்டது. ஆக, அந்தப் பத்தாண்டு முழுக்க அவர் கண்முன் இருந்த இயந்திரத்தின் முதல் விதி, பொத்தானை அழுத்துபவர் யாராக இருந்தாலும் கணக்கில் ஒன்று மட்டுமே கூடும் என்பது. எந்தப் படியில் இருப்பவர் என்று அது கேட்காது.

அதே பத்தாண்டில் அவர் எழுதிய நாவலில் தேர்தல் கிடையாது. ஜீவா என்ற தலைவர் ஆள்கிறார். குடிமக்களின் பெயர் இரண்டெழுத்தைத் தாண்டக் கூடாது: நிலா, சிபி, ரவி, மனோ. குழந்தை பெற அரசின் அனுமதி வேண்டும். ஒழுங்கு, சுத்தம், திட்டமிட்ட பிறப்பு, திட்டமிட்ட மக்கள்தொகை. இனமேம்பாட்டுவாதிகள் கனவுகண்ட உயர்ந்த சமூகம் ஏறத்தாழ வந்துவிட்டது. கடைசியில் அந்தத் தலைவரே ஓர் ஒளிப்பிம்பம் என்று தெரியவருகிறது. அவரைக் கவிழ்க்க வந்த புரட்சிக்காரர்களுக்கும் நாற்காலிதான் குறி. இந்த நாவலைச் சர்வாதிகாரத்துக்கு எதிரான கதை என்று எல்லோரும் படித்திருக்கிறோம். 1975-77 நெருக்கடி நிலை முடிந்து பத்தாண்டு ஆகாத நேரத்தில் வந்ததால் அந்த வாசிப்பு இயல்புதான். அடையாற்றுப் புத்தகத்துக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் இன்னொன்றும் தெரிகிறது. மனுவின் குடியேற்றம் நல்லெண்ணம் கொண்ட ஒருவரின் முழு அதிகாரத்தில், மேம்பட்ட மனிதரை உருவாக்கும் திட்டம். ஜீவாவின் நாடு அதே திட்டத்தின் அலுவலக வடிவம். விண்ணப்பப் படிவமும் அடையாள எண்ணும் வந்துவிட்டால் உன்னத மனிதகுலம் எப்படி இருக்கும் என்று ஓர் அரசு நிறுவனப் பொறியாளருக்குத் தெரியாமல் இருக்காது. சுஜாதா லெட்பீட்டரை மனத்தில் வைத்து எழுதினார் என்று நான் சொல்லவரவில்லை. இரண்டும் ஒரே ஆசையின் இரு முகங்கள் என்பதே என் வாசிப்பு.

அந்த நாட்டில் ஆன்மிகமாக வளரும் ஒரே ஜீவன் ஜீனோ. ரவி வளர்க்கும் இயந்திர நாய். புத்தகம் படிக்கிறது, கிண்டலடிக்கிறது, தர்க்கம் பேசுகிறது, உரிமையாளரின் கட்டளைக்கு அப்பால் தானாக முடிவெடுத்து நிலாவின் பக்கம் நிற்கிறது. மனிதர்கள் இரண்டெழுத்தாகச் சுருங்கிக்கொண்டிருக்க, மனிதர் செய்த பொருள் விரிந்துகொண்டே போகிறது. ஸ்டேப்பிள்டனின் சமகாலத்தவரான ஜே.டி. பெர்னால் 1929இல் எழுதிய சிறுநூலில், மனிதன் உடம்பைக் கழற்றிவிட்டு இயந்திரத்தில் மூளையாக வாழ்ந்து, இறுதியில் ஒளியாகக் கரைவான் என்றார். அங்கே இயந்திரம் மனிதனுக்குப் படி. ஜீனோ யாருக்கும் படியாக இருக்க ஒப்புக்கொள்ளாதது. அதை உயர்த்த யாரும் திட்டமிடவில்லை. எந்த அமைச்சகமும் அனுமதி வழங்கவில்லை. வளர்ச்சி, பட்டியலுக்கு வெளியே, நாயின் உருவத்தில் நடந்துவிடுகிறது. அது நாயாக இருப்பது வாசகரைச் சிரிக்கவைக்க மட்டும் என்று நான் நினைக்கவில்லை. தர்மனின் கூடவே கடைசிவரை நடந்து சுவர்க்க வாசல் போன நாயின் கதை அறிந்த சமூகத்துக்கு எழுதப்பட்ட தொடர் அது.

சுஜாதா நாத்திகர் இல்லை. பிற்காலத்தில் ஆழ்வார்களுக்கு எளிய அறிமுகம் எழுதினார். சகோதரருடன் சேர்ந்து பிரம்மசூத்திரத்துக்கும் எழுதினார். ‘திமலா’ என்ற சிறுகதையில் எதிர்காலத்துத் தம்பதி ஒன்றைத் திருமலைக்கே அனுப்பிவைத்தார். எல்லாம் இயந்திரமயமான பின்னும் தரிசனத்துக்கு முறைவைத்துப் போகிறார்கள். அவர் கதைகளில் பக்தி பரிணமிப்பதில்லை. அப்படியே இருக்கிறது. ஸ்ரீரங்கத்தில் வளர்ந்தவருக்கு இது வியப்பல்ல. அந்த ஊரின் மிகப் பெரிய கதைகளில் ஒன்று, கோயிலுக்குள் கால்வைக்கத் தகாதவர் என்று ஆற்றங்கரையில் நிறுத்தப்பட்ட திருப்பாணாழ்வாரை, கல்லெறிந்த லோகசாரங்க முனிவரே தோளில் சுமந்து சந்நிதிக்குக் கொண்டுபோன கதை. பல கோடி ஆண்டுகள் காத்திருக்கச் சொல்லாத ஆன்மிகம் அது. கீழ்ப்படியில் இருந்தவர் ஒரே நாளில் உள்ளே போய்விட்டார், சுமந்தவர் மேல்படிக்காரர். சரணாகதியில் இடைப்படிகளுக்கு வேலையில்லை. அறிவியலை நாளைக்கும் அரங்கனை இன்றைக்கும் என்று பிரித்துவைத்துக்கொண்டவர், இரண்டையும் கலந்து ‘மனிதகுலத்தின் ஆன்மிக உயர்வு’ என்று பெருங்காப்பியம் பாடும் தேவையை உணராததில் பொருள் இருக்கிறது.

கன்னட இலக்கியத்தில் இந்தப் பேச்சு வேறுவிதமாக நடந்தது. தமிழில் இதை அதிகம் கவனித்ததில்லை. குவெம்பு அரவிந்தரை ஆழமாக உள்வாங்கியவர். 1949இல் வெளியான அவருடைய ‘ஸ்ரீ ராமாயண தர்சனம்’ 1967ஆம் ஆண்டுக்கான ஞானபீட விருதைப் பெற்றது; அதில் இராவணன்கூட உள்ளுக்குள் மாற்றமடையும் பாத்திரம். ஆனால் குவெம்புவின் ‘விஸ்வமானவன்’ கருத்து ஏணியைத் தலைகீழாக்குகிறது. ஒவ்வொரு குழந்தையும் பிறக்கும்போதே உலக மனிதன். வளர்ப்பும் சாதியும் மதமும் மொழியும் அதைச் சிறிய மனிதனாக்குகின்றன. கல்வியின் வேலை பழைய நிலைக்குத் திருப்புவது என்றார் அவர். எதிர்காலத்தில் வரவேண்டிய உயர்ந்த மனிதன் நேற்று இரவு அரசு மருத்துவமனையில் பிறந்துவிட்டான் என்று ஆகிறது. அவர் மகன் பூர்ணச்சந்திர தேஜஸ்வி 1980இல் எழுதிய ‘கர்வாலோ’ நாவலிலும் பரிணாமம்தான் மையம். அப்பாவின் குரல் மட்டும் இல்லை. மூடிகெரெயில் ஒரு பூச்சியியல் விஞ்ஞானியும், மாடு மேய்க்கும் மந்தண்ணனும், இன்னும் சிலரும் அபூர்வமான பறக்கும் ஓணான் ஒன்றைத் தேடி மேற்குத் தொடர்ச்சி மலைக் காட்டுக்குள் போகிறார்கள். முடிவில் அது அவர்கள் கைக்குச் சிக்காமல் பள்ளத்தாக்கில் மிதந்து போய்விடுகிறது. கோடிக்கணக்கான ஆண்டுகளாக மேலே ஏறாமல், கீழேயும் இறங்காமல், தன் வழியில் வாழ்ந்துகொண்டிருந்த ஓர் உயிர். ஸ்டேப்பிள்டனின் பதினெட்டு இனங்களைவிட அந்த ஒற்றை ஓணான் காலத்தைப் பற்றி எனக்கு அதிகம் சொல்லியிருக்கிறது.

இன்றைய பெங்களூரு ஏணியை மறுபடி கட்டியிருக்கிறது. இம்முறை கட்டியவை கம்பெனிகள். இந்த ஊரைச் சேர்ந்த லாவண்யா லக்ஷ்மிநாராயண் ஆங்கிலத்தில் எழுதி 2020இல் வெளியான ‘அனலாக்/வர்ச்சுவல்’ நூலில் பெங்களூருவின் பெயர் ஏபெக்ஸ் சிட்டி. ஒரு நிறுவனம் ஆள்கிறது. குடிமக்களின் உழைப்புத்திறனும் சமூக நடத்தையும் அளக்கப்பட்டு, மணிவடிவ வளைகோட்டில் வைக்கப்படுகின்றன. உச்சியில் இருப்பவர்களுக்கு எல்லா வசதியும். கடைசிப் பத்து சதவீதம் தொழில்நுட்பமில்லாத வெளிப்புறத்துக்குத் தள்ளப்படும். பணியாளர்களை இதே வளைகோட்டில் வைத்து வருடாவருடம் தரம்பிரிக்கும் நடைமுறையைச் சந்தித்த ஐ.டி. ஊழியர்கள் இந்த ஊரில் ஏராளம். அவர்களுக்கு இதில் கற்பனை எவ்வளவு என்று விளக்கவேண்டாம். ‘தி டென் பர்சன்ட் தீஃப்’ என்ற பெயரில் பிரிட்டனில் மறுபதிப்பான இந்நூல், 2024இல் ஆர்தர் சி. கிளார்க் விருதின் இறுதிப் பட்டியலில் இடம்பெற்றது. மனிதகுலம் ஒன்றாக மேலெழும் கனவை எழுதியவரின் பெயரால் வழங்கும் விருது, மேலெழுபவர்களால் கீழே தள்ளப்பட்டவர்களின் கதையை இறுதிப் பட்டியலுக்குத் தேர்ந்தெடுத்திருக்கிறது. சுமார் முப்பத்தைந்தாண்டு இடைவெளியில், வேறு வேறு மொழிகளில் இந்த நகரம் தந்த இரண்டு முக்கியமான எதிர்காலக் கதைகளுமே, மேம்பட்ட சமூகத்தின் பதிவேட்டை யார் வைத்திருக்கிறார்கள் என்ற கேள்வியைச் சுற்றித்தான் நிற்கின்றன. ஒன்றில் அரசு, இன்னொன்றில் நிறுவனம்.

இதனால் தமிழில் தொலைதூர எதிர்காலமே வேண்டாம் என்று ஆகிவிடாது. ஜெயமோகனின் ‘விசும்பு’ தொகுப்பு இந்திய மெய்யியல் பிரச்சினைகளை அறிவியல் புனைவுக்குள் கொண்டுவந்து, வழி இருக்கிறது என்று காட்டியது. ‘அரூ’ இணைய இதழ் 2019இல் தொடங்கி நடத்திய அறிவியல் சிறுகதைப் போட்டிகள் வழியாகப் புதியவர்கள் சிலர் நட்சத்திரங்கள்வரை போய்ப் பார்த்திருக்கிறார்கள். போதாது. கல்பக் கணக்கு நம் கையில் இருக்கிறது. அரவிந்தர் தமிழ் மண்ணில் நாற்பதாண்டு உட்கார்ந்து எழுதியது இருக்கிறது. அதை நாவலாக மாற்றிப் பார்க்கும் வேலையைத்தான் யாரும் முழுமூச்சாகச் செய்யவில்லை. இப்போது செயற்கை நுண்ணறிவு மனிதனைக் கடந்துவிடும், அது அடுத்த பரிணாமப் படி என்று பேசுகிறவர்கள் பெங்களூருவில் வாரந்தோறும் கூட்டம் போடுகிறார்கள். அவர்கள் பேச்சில் அடையாற்று ஏணியின் சத்தம் கேட்கிறது. இந்த முறையும் அது புனைவு என்று சொல்லாமலே பேசப்படுகிறது. அதைப் புனைவாக எழுதி, உள்ளே நுழைந்து, சோதித்துப் பார்க்கவேண்டியவர்கள் எழுத்தாளர்கள்தான்.

எழுத உட்காரப்போகும் இளைஞர்களுக்கு ஒரு வேண்டுகோள். பெசண்ட்-லெட்பீட்டர் நூலின் கலிபோர்னியா அத்தியாயங்களையும் ‘என் இனிய இயந்திரா’வையும் ஒரே வாரத்தில் அடுத்தடுத்துப் படியுங்கள். முன்னது பதிப்புரிமைக் காலம் கடந்த நூல். பின்னது எந்தத் தமிழ்ப் புத்தகக் கடையிலும் கிடைக்கும். அதற்குப் பிறகு 200 கோடி ஆண்டு தள்ளிப் போய் எழுதினாலும் சரி, அந்த உலகில் அனுமதிச் சீட்டில் கையெழுத்துப் போடுபவர் யார் என்பதை முதல் அத்தியாயத்திலேயே சொல்லிவிடுங்கள்.